கார்ட்டர் உட்சன்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கறுப்பின மக்கள் ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுக் காலம் அடிமைகளாக இருந்தனர். ஆப்பிரிக்காவினின்றும் விலங்கிட்டுக் கப்பலேற்றிக் கொணரப்பெற்ற அவர்களும் அவர்தம் வழியினரும் புகையிலைத் தோட்டங்களிலும் பருத்திக் காடுகளிலும் உழைத்து மாய்ந்தனர். ஆடு மாடுகளைப்போல் சந்தையில் விலை கூறப்பெற்றனர். தென்மாநிலங்கள் பலவற்றில் அடிமைக்கு எழுத்தறிவித்தல் குற்றம் எனச் சட்டமே செய்திருந்தனர். உள்நாட்டுப் போரின் முடிவில், 1865ஆம் ஆண்டில், அடிமை முறை ஒழிந்தது. ஒழிந்தும் என்? கை விலங்கு கழன்றதேயன்றி இழிவு கழலவில்லை. கறுப்பின மக்களுக்கு வரலாறு என ஒன்று இல்லை, உலக நாகரிகத்திற்கு அவர்கள் ஒன்றும் உதவினாரல்லர் என்று பல்கலைக்கழகப் பேராசிரியர்களே எழுதியும் பேசியும் வந்தனர். கற்றோர் கூற்றாதலின் உலகம் அதனை நம்பிற்று. அதனினும் கொடியது ஒன்று உண்டு. அக்கூற்றை அவ்வினச் சிறுவர்களே பள்ளிப் பாடமாகக் கற்றுத் தாமும் நம்பலாயினர்.

அப்பொய்யைச் சான்று காட்டி மறுப்பதையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டவர் கார்ட்டர் உட்சன்.

உட்சன் 1875ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 19ஆம் நாள், வர்ஜினியா மாநிலத்து நியூ கேன்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் இருவரும் அடிமைகளாய் இருந்து விடுதலை பெற்றவர்கள். தந்தையார் ஜேம்சு ஹென்றி போர்க்காலத்தில் தளையினின்று தப்பி, அடிமை முறையை எதிர்த்துப் போரிட்ட வடபுலப் படையினரோடு சேர்ந்து உதவியவர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆயினும் மானத்தை விட்டுப் பெறும் எந்நன்மையும் நன்மையன்று என்பதைத் தம் மக்களுக்கு இளமையிலேயே உணர்த்தினார். வறுமை மிக்க குடும்பம். நிலத்தில் உழுதால்தான் உணவு. ஊர்ப்பள்ளியோ ஆண்டில் சில திங்களே நடைபெறும். அதில் ஆசிரியர்களாக இருந்தவர்கள் சிறுவர் கார்ட்டரின் தாய்மாமன்மார் இருவர். பள்ளி இல்லாத காலத்தில் கைக்குக் கிடைத்த நூலையும் செய்தித்தாளையும் அவர் தாமே படித்துக்கொண்டார். தந்தையாருக்கும் படித்துக் காட்டினார்.

பதினேழாம் அகவை அளவில் பிழைப்பு நாடி மேற்கு வர்ஜினியாவுக்குச் சென்றார். முதலில் இருப்புப்பாதை அமைக்கும் வேலை; பின்னர் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை. பகலெல்லாம் நிலத்தின் அடியில் கரி வெட்டி, மாலையில் மேலே வரும் அவ்விளைஞருக்கு அங்கே எதிர்பாராத ஒரு கல்விச்சாலை வாய்த்தது. ஆலிவர் ஜோன்சு என்ற கறுப்பினச் சுரங்கத் தொழிலாளர் தம் வீட்டின் ஒரு பகுதியில் சிற்றுண்டிக் கடை வைத்திருந்தார். உள்நாட்டுப் போரில் போரிட்ட முதியவர் அவர். அவருக்கும் எழுத்தறிவு இல்லை. ஆயினும் தம் இனத்தார் எழுதிய நூல்களையும் பலவகைச் செய்தித்தாள்களையும் விலை கொடுத்து வாங்கி வீட்டில் நிரப்பியிருந்தார்! உழைத்துக் களைத்த தொழிலாளர்கள் மாலைதோறும் அங்கே கூடுவர். உட்சன் செய்தித்தாளை எடுத்து உரக்கப் படிப்பார். அதற்குக் கூலி, பழமும் தின்பண்டமும். படித்து முடித்ததும் பேச்சுத் தொடங்கும். போரில் தாம் கண்டதை ஒருவர் கூறுவார். அடிமை நாளில் பட்டதை மற்றொருவர் கூறுவார். எந்த நூலிலும் ஏறாத செய்திகள் அவை. தம் இனத்திற்கு வரலாறு உண்டு என்பதை உட்சன் முதன்முதல் அறிந்தது ஆர்வர்டுப் பல்கலைக்கழகத்தில் அன்று. எழுத்தறியாத அம்முதியவர் வீட்டில்தான்.

1895ஆம் ஆண்டில், ஏறத்தாழ இருபது வயதில், உட்சன் அன்டிங்டன் நகரத்து உயர்நிலைப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். தம்மினும் இளைய சிறுவர்களோடு ஒரே பலகையில் அமர அவர் நாணவில்லை. நான்காண்டுப் படிப்பை இரண்டாண்டில் முடித்தார். பின்னர்க் கென்டக்கி மாநிலத்துப் பெரியாக் கல்லூரியில் சேர்ந்தார். கையில் பொருள் தீரும்போது ஆசிரியப் பணி செய்தும், பொருள் சேர்ந்தபோது திரும்பி வந்து கற்றும், 1903ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். வெள்ளை மாணவரும் கறுப்பு மாணவரும் ஒருங்கிருந்து கற்ற கல்லூரி அது. தென்னாட்டில் அத்தகையது மிக அரிது. உட்சன் பட்டம் பெற்ற மறு ஆண்டே, 1904இல், இரு நிறத்தாரும் ஒரே பள்ளியில் கற்றலாகாது எனக் கென்டக்கி மாநிலம் சட்டம் இயற்றியது. அவர் ஓராண்டு பிந்தியிருப்பின் அக்கதவு அவருக்கும் அடைபட்டிருக்கும்.

அடுத்து அவர் சென்றது பிலிப்பைன் தீவுகளுக்கு. அமெரிக்க ஆட்சியில் அக்காலத்தில் இருந்த அத்தீவுகளில் 1903 முதல் 1907 வரை ஆசிரியராகவும் மேற்பார்வையாளராகவும் பணியாற்றினார். அங்கே அவர் கண்டதொன்று ஆசிரியர் அனைவரும் அறியத் தக்கது. புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற்று வந்த ஆசிரியர் பலர் அங்குத் தோல்வியுற்றனர். அமெரிக்கப் பாடநூலில் ஆப்பிள் மரத்தை உலுக்குவது பற்றிய பாட்டு ஒன்று இருந்தது. ஆப்பிளைக் கண்ணாற் கண்டறியாத தீவுச் சிறுவர்கள் அதனைக் கிளிப்பிள்ளைபோல் ஒப்புவித்தனர், பொருள் உணர்ந்தாரில்லை. பெரிய படிப்பு ஒன்றும் இல்லாத, காப்பீட்டுத் தொழில் செய்துவந்த ஒருவர் மட்டும் வெற்றி பெற்றார். அவர் ஆப்பிள் மரத்தை நீக்கி, அச்சிறுவர் நாள்தோறும் ஏறி உலுக்கும் லொம்பாய் மரத்தைப் பாட்டில் வைத்தார். (லொம்பாய் என்பது வேறன்று, நம் நாட்டு நாவல் மரமே.) வாசிங்டனின் கதையைத் தொடங்குமுன் அந்நாட்டு வீரர் ஓசே ரிசாலின் கதையைக் கூறினார். சிறுவர்கள் கண் விழித்துக் கேட்டனர். பிற நாட்டுச் சிறுவர்க்குப் பொருந்திய இவ்வுண்மை தம் நாட்டுக் கறுப்பினச் சிறுவர்க்கும் பொருந்தும் என்பதை உட்சன் மறக்கவேயில்லை. பல்லாண்டுகளின் பின் எழுதிய நூலிலும் இந்நிகழ்ச்சியை அவர் எடுத்துக்காட்டினார்.

தாயகம் திரும்பியவர் சிகாகோப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பெரியாக் கல்லூரிப் பட்டம் போதாது என அவர்கள் கூறவே, இளங்கலைப் பாடங்களை மீண்டும் கற்று, 1908ஆம் ஆண்டில் இளங்கலை, முதுகலை ஆகிய இரு பட்டங்களையும் பெற்றார். அங்கிருந்து ஆர்வர்டு சென்றார். அங்கே பேராசிரியர் ஒருவர், கறுப்பின மக்களுக்கு வரலாறு இல்லை என்ற பழைய பாட்டையே பாடினார். உண்டு என்று உட்சன் மறுத்தார். உண்டாயின் ஆராய்ந்து நிறுவுக என்றார் பேராசிரியர். எள்ளலாகக் கூறப்பட்ட அச்சொல்லை உட்சன் கட்டளையாகவே ஏற்றுக்கொண்டார் போலும்! 1912ஆம் ஆண்டில் அவர் ஆர்வர்டின் டாக்டர் பட்டம் பெற்றார். கறுப்பினத்தாருள் அப்பல்கலைக்கழகத்தில் அப்பட்டம் பெற்றவர் அவருக்கு முன் ஒருவரே. அவர் 1895இல் பெற்ற டூ பாய்சு. அடிமைகளாய் இருந்த பெற்றோருக்குப் பிறந்து வரலாற்றுத் துறையில் அவ்வுயர் பட்டம் பெற்ற முதல்வர் உட்சனே.

ஆர்வர்டில் டாக்டர் பட்டம் பெற்ற வெள்ளையர் ஒருவருக்கு அந்நாளில் யாதேனும் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பதவி காத்திருக்கும். உட்சனுக்கு அவ்வாறு எதுவும் காத்திருக்கவில்லை. வெள்ளையர் பல்கலைக்கழகங்கள் கறுப்பின அறிஞரை ஆசிரியராக ஏற்பது அக்காலத்தில் ஏறத்தாழ இல்லை. அவர்தம் பேரவைகள் கூடும் உணவு விடுதிகளிற் பல கறுப்பினத்தாரை வாயிலிலேயே நிறுத்தின. கறுப்பினத்தார்க்கென அமைந்த கல்லூரிகளோ வறுமையுற்றவை. அங்கே ஆசிரியர்க்கு ஓய்வும் இல்லை, ஆராயப் போதிய நூலும் இல்லை. உட்சன் தலைநகராகிய வாசிங்டனில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியராக இருந்தார். பள்ளி வேலை போக எஞ்சிய பொழுதெல்லாம் நாடாளுமன்ற நூலகத்தில் கழிந்தது. அதன் பயனாக 1915ஆம் ஆண்டில், 1861க்கு முன்னர்த் தம் இனத்தார் பெற்ற கல்வியைப் பற்றிய நூல் வெளிவந்தது. தண்டனைக்கு அஞ்சாது மறைவிடங்களில் எழுத்துக் கற்ற அடிமைகளின் செய்தியை அந்நூலில் அவர் சான்றுகளோடு விரித்துரைத்தார்.

அவ்வாண்டுச் செப்டம்பர்த் திங்களில் சிகாகோவில், அடிமை ஒழிப்பின் ஐம்பதாம் ஆண்டுவிழாப் பொருட்காட்சி நடைபெற்றது. மக்கள் பெருந்திரளாக வந்து பார்த்தனர். அவர்தம் ஆர்வத்தைக் கண்ட உட்சன், 9ஆம் நாளன்று கறுப்பினத்தார்க்கென இருந்த கிறித்தவ இளைஞர் சங்கக் கட்டடத்தில் நண்பர் நால்வருடன் கூடி ஒரு கழகம் நிறுவினார். நீக்ரோ வாழ்வும் வரலாறும் ஆராயும் கழகம் என்பது அதன் பெயர். (நீக்ரோ என்னும் சொல்லை அவ்வினத்தார் அக்காலத்தில் தம்மைக் குறிக்கத் தாமே வழங்கினர், இக்காலத்தில் அதனை விரும்புவதில்லை.) நான்கு திங்களுக்குள், 1916 சனவரியில், நீக்ரோ வரலாற்று இதழ் என்னும் காலாண்டிதழின் முதல் மலர் வெளிவந்தது. பொருளுக்கு வழி தெரிந்த பின்னரே இதழ் தொடங்குவது உலக வழக்கு. உட்சனோ இதழைத் தொடங்கிவிட்டுப் பொருளுக்கு வழி தேடினார்! வரிப் பட்டியல், மக்கட் கணக்கு, உயில், திருச்சபைப் பதிவேடு, பழைய மடல் ஆகியவற்றைச் சான்றாகக் கொண்ட கட்டுரைகளே அதில் இடம்பெற்றன. வெள்ளை அறிஞர்களும் அதற்கு எழுதினர். பிற இதழ்களில் இடம் பெறாத கறுப்பின இளைஞர்தம் ஆராய்ச்சிக்கு அஃது ஓர் இல்லமாயிற்று.

1919ஆம் ஆண்டில் அவருக்குக் கல்லூரிப் பதவியும் வந்தது. கறுப்பினத்தார்க்குரிய கல்வி நிலையங்களுள் தலைசிறந்ததாகிய ஆவர்டுப் பல்கலைக்கழகம் அவரைக் கலைப்புல முதல்வராக அமர்த்தியது. அப்பல்கலைக்கழகத்திற்கும் அந்நாளில் வெள்ளையரே தலைவர். அவருக்கும் உட்சனுக்கும் ஒத்துப்போகவில்லை. ஓராண்டிலேயே உட்சன் விலகினார். பின்னர் மேற்கு வர்ஜினியாவில் ஈராண்டுப் பணி. 1922க்குப் பின் அவர் எக்கல்லூரியையும் நாடவில்லை. வாசிங்டன் ஒன்பதாம் தெருவில் செங்கல்லாலான மாடி வீடு ஒன்றை வாங்கினார். கீழே நூல்களைக் கட்டி அனுப்பும் இடமும் அலுவலகமும். மூன்றாம் மாடியில் அவர் உறைவிடம். கழகம், இதழ், நூல் வெளியீட்டு நிலையம் எல்லாம் அவ்வொரு வீட்டுக்குள் நடந்தன. திருமணம் செய்துகொள்ளாத அவருக்கு அதுவே குடும்பம். இரு கைகளிலும் புத்தகக் கட்டுகளைச் சுமந்து அவர் அஞ்சல் நிலையத்திற்கு நடப்பதைத் தெருச் சிறுவர் நாள்தோறும் கண்டு, புத்தகக்காரர் என்றே அவருக்குப் பெயரிட்டனர்.

பின்னாளிற் பெரும்புகழ் பெற்ற கவிஞர் லாங்சுடன் இயூசு இளமையில் அவ்வீட்டில் வேலை பார்த்தவர். காலையில் அலுவலகம் திறப்பார், தூசி தட்டுவார், அடுப்பெரித்து வீட்டை வெப்பமாக்குவார், அச்சுப் பிழையும் திருத்துவார். 1830ஆம் ஆண்டு மக்கட் கணக்கில் கண்ட, அடிமையல்லாத கறுப்பினக் குடும்பத் தலைவர்தம் பெயர்களை அகர வரிசைப்படுத்தும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பல்லாயிரம் பெயர்கள், கண் வலித்துவிட்டது அவருக்கு. ஒருநாள் உட்சன் வெளியூர் சென்றார் என்று கருதி, பணியாளர் அனைவரும் கீழறையில் சீட்டாடிக்கொண்டிருந்தனர். எதிர்பாராத வேளையில் உட்சன் வந்து நின்றார். யாரையும் அவர் வேலையினின்று நீக்கவில்லை. அனைவரையும் தம் அறைக்கு அழைத்து, செய்யும் தொழிலுக்கும் வரலாற்றுக்கும் தம் இனத்திற்கும் அவர்கள் பட்டுள்ள கடமையை நெடுநேரம் எடுத்துரைத்தார். சீட்டாடிய குற்றத்திற்கு அது போதிய தண்டனைதான்.

இனி, அவர் வாழ்வின் பெருஞ்சோதனையைக் கூறுவோம். 1920களில் செல்வர்கள் நிறுவிய அறநிலையங்கள் சில கழகத்திற்குப் பெருந்தொகை வழங்கின. சில ஆண்டுகளில் அவை ஒரு நிபந்தனை விதித்தன. கழகத்தை யாதேனும் ஒரு கறுப்பினப் பல்கலைக்கழகத்தோடு இணைத்துவிட வேண்டும். அன்றேல் பொருள் கிட்டாது என்பதே அது. இணைத்திருப்பின் பணமுடை தீர்ந்திருக்கும். உட்சனுக்கும் கவலையில்லாத பதவி கிடைத்திருக்கும். ஆனால் அக்கல்லூரிகள் பலவற்றை ஆள்வோர் யாவர், அவர்கள் எதனை எழுதவிடுவர், எதனை விடார் என்பதை அவர் நேரில் அறிந்தவர். இணைக்க மறுத்தார். 1930களில் அறநிலையங்களின் பொருள் நின்றது. நாடெங்கும் வணிகம் சரிந்து மக்கள் வேலையின்றி வாடிய காலமும் அதுவே. கழகம் இனி இராது என்று பலரும் கருதினர்.

கழகம் இருந்தது. அதனைத் தாங்கியவர்கள் செல்வர்கள் அல்லர். குறைந்த ஊதியம் பெற்ற கறுப்பினப் பள்ளி ஆசிரியர்களே, அவருள்ளும் பெண்களே மிகுதி. அவர்களை உட்சன் முன்னரே தம்பால் ஈர்த்திருந்தார். 1926ஆம் ஆண்டுப் பிப்ரவரியின் இரண்டாம் வாரத்தை நீக்ரோ வரலாற்று வாரமாக அவர் அறிவித்தார். அடிமை ஒழித்த லிங்கனின் பிறந்தநாளும், அடிமையாயிருந்து நாவலரான பிரடெரிக் டக்ளசின் பிறந்தநாளாகக் கொண்டாடப்பெற்ற நாளும் அவ்வாரத்தில் வருவன. படங்கள், பாடக் குறிப்புகள், நடிப்பதற்கேற்ற சிறு நாடகங்கள் ஆகியவற்றை ஒன்பதாம் தெரு வீட்டிலிருந்து கட்டுக் கட்டாக அனுப்பினார். சிற்றூர்ப் பள்ளிகளில் அவ்வாரம் திருவிழாவாயிற்று. ஆசிரியர்கள் தம் சிறு ஊதியத்திலிருந்து கழகத்திற்கு உறுப்பினர் கட்டணம் செலுத்தினர். வர்ஜினியாவில் லூதர் ஜாக்சன் என்னும் பேராசிரியர் ஆண்டுதோறும் ஆசிரியர்களிடம் நன்கொடை திரட்டி அனுப்பினார். லாரன்சோ கிரீன் என்னும் இளம் ஆராய்ச்சியாளர் 1930ஆம் ஆண்டில் தோழர் சிலருடன் மோட்டார் வண்டியில் ஊர் ஊராகச் சென்று கழக நூல்களை விற்றார். தங்குவதற்கு விடுதி கிட்டாத ஊர்களில் தம் இனத்தார் வீட்டில் தங்கினார். கோயில்களிலும் பள்ளிகளிலும் பேசினார். வேலையற்றுக் கிடந்த மக்கள் தம் வரலாற்று நூலை விலை கொடுத்து வாங்குவதைக் கண்டார். கிரீன், சார்லசு வெசுலி, ரேபோர்டு லோகன் முதலிய ஓர் அறிஞர் தலைமுறையே உட்சன் நிழலில் வளர்ந்து, பின்னர்ப் பல கல்லூரிகளில் பேராசிரியராய் விளங்கிற்று.

கழகத்தின் ஆண்டுக் கூட்டங்கள் வேறெந்த அறிஞர் பேரவைக்கும் இல்லாத இயல்புடையன. கட்டுரை படிப்பவர் பேராசிரியர். கேட்போருள் பேராசிரியரும் இருப்பர், திருச்சபைக் குருமாரும் இருப்பர், தொடக்கப்பள்ளி ஆசிரியையும் இருப்பார். 1936இல் அக்கழகத்தின் தலைமையை மேரி மெக்லியோடு பெத்தூன் அம்மையார் ஏற்றார். அவரும் அடிமைகளாய் இருந்த பெற்றோருக்குப் பிறந்தவர். புளோரிடாவில் சிறு பெண்பள்ளியாகத் தொடங்கிக் கல்லூரி கண்டவர். அறிஞர்க்கு உரிய இதழ் இருக்கிறது, ஆசிரியர்க்கும் சிறுவர்க்கும் உரியது எங்கே என்ற குறை அவர் காலத்தில் தீர்ந்தது. 1937இல் அவர்களுக்கென எளிய நடையில் வேறோர் இதழை உட்சன் தொடங்கினார்.

உட்சன் யாவர்க்கும் இனியவர் அல்லர் என்பதையும் கூறுதல் வேண்டும். தாம் உழைப்பதுபோலவே பிறரும் உழைத்தல் வேண்டும் என்றார். மாறுபட்ட கருத்தைப் பொறுத்தல் அவருக்கு அரிது. தொடக்க நாளில் தோள் கொடுத்த நண்பர் சிலரையும் அவர் பகைத்துக்கொண்டார். கற்ற கறுப்பினத்தாரையே அவர் மிகக் கடிந்து எழுதினார். 1933இல் வெளிவந்த, தவறான கல்வி பற்றிய அவரது நூல் அத்தகையது. உயர்கல்வி பெற்றவர் தம் மக்களை விட்டு விலகவே அக்கல்வி பயன்பட்டது என்று அதில் குறை கூறினார். அக்குற்றச்சாட்டு எல்லார்க்கும் பொருந்தாது. அவருடைய கழகத்தைக் காத்தவர்களே கற்றவர்கள்தாமே! எனினும் கடுஞ்சொல்லில் உண்மை இருந்ததை எதிர்த்தோரும் மறுக்க இயலவில்லை.

முதுமையில் தம் இனத்தாரைப் பற்றிய கலைக்களஞ்சியம் ஒன்று ஆக்க முயன்றார். அது முடியவில்லை. 1950ஆம் ஆண்டு ஏப்பிரல் 3ஆம் நாள் ஒன்பதாம் தெரு வீட்டிலேயே உயிர் நீத்தார். ஆண்டுதோறும் நாடெங்கும் தேடித் திரட்டிய ஆயிரக்கணக்கான பழஞ்சுவடிகளை, தம் இளமையில் தாம் அமர்ந்து கற்ற நாடாளுமன்ற நூலகத்திற்கே அவர் முன்னரே வழங்கியிருந்தார்.

அவர் தொடங்கிய வாரம் 1976 முதல் பிப்ரவரித் திங்கள் முழுவதும் கொண்டாடப்பெறுகின்றது. 1916இல் தொடங்கிய இதழ் பெயர் மாறி, நூறாண்டு கடந்தும் வெளிவருகின்றது. அவர் வாழ்ந்த வீட்டை 2006ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு தேசிய வரலாற்றுத் தலமாக்கியது.